நான்கு மாத இருமல்: ரங்கூன் லைங்தாயாவில் ஒரு காசநோய் நிகழ்வு ஆய்வு

நோயாளி அட்டையில் ஒரு வரி இருக்கிறது: இருமல் தொடங்கி நான்கு மாதம். 2019 அக்டோபர் கடைசியில் அதை எழுதிய ஸயாமா (பெண் மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) பேனாவை வைத்துவிட்டு, “இத்தனை நாள் ஏன் வராமல் இருந்தீர்கள்?” என்று பர்மியத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். நோயாளியான அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போது பதில் வரவில்லை. பிறகு அவரோடும் அண்ணியோடும் உட்கார்ந்து, ஜூன் மாதத்திலிருந்து நடந்ததை நாள்வாரியாக எழுதிப் பார்த்தபோதுதான் பதில் தெரிந்தது. அவர் வராமல் இருக்கவில்லை. ஏழு தடவை போயிருக்கிறார்.

ரங்கூனில் எங்கள் தமிழ் மக்களுக்கு மருத்துவமனையில் துணை நிற்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. மொழிபெயர்ப்பது, படிவம் நிரப்புவது, மாத்திரை சாப்பிடுவதைக் கூட இருந்து பார்ப்பது இதெல்லாம் என் வேலை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நேரில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எழுதியதை அவருக்கும் அண்ணிக்கும் வாசித்துக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன்.

ஊரும் அறையும்

அண்ணனுக்கு அப்போது 41 வயது. பெகு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். தாத்தா காலத்தில் நெல் வயல் வேலைக்கு வந்த குடும்பம். வயல் வேலை குறைந்ததும், 2015-ல் மனைவி, தாய், மூத்த மகனோடு லைங்தாயாவுக்கு வந்தார். துணித் தொழிற்சாலையில் வெட்டும் மேசையில் துணி அடுக்கும் வேலை கிடைத்தது. அண்ணி காலையில் தோசையும் உளுந்து வடையும் போட்டுத் தெருமுனையில் விற்பார். பர்மியர்களும் ‘தோஷே’ என்று கேட்டு வாங்கித் தின்னும் தோசை அது.

லைங்தாயா, ரங்கூனுக்கு மேற்கே லைங் ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. 1988 கிளர்ச்சிக்குப் பிறகு அன்றைய ராணுவ அரசு நகரின் நடுப்பகுதியில் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி, புறநகரில் புதிய ஊர்களை உண்டாக்கியது. லைங்தாயா, ஷ்வேபியிதா, டகோன் புதுநகரங்கள் எல்லாம் அப்படி வந்தவை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி கழிமுகத்தை அடித்துப் போட்டபோது, வீடிழந்தவர்கள் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த பத்தாண்டில் துணித் தொழிற்சாலைகள் பெருகின. 2014 கணக்கெடுப்பில் இந்த ஒரு டவுன்ஷிப்பில் (நிர்வாக வட்டத்தில்) மட்டும் 6,87,867 பேர். நாட்டிலேயே அதிக மக்கள் இருந்த டவுன்ஷிப் அதுதான். அதற்கு முந்தைய கணக்கெடுப்பு 1983-ல் நடந்தது. இடையில் 31 ஆண்டுகள். எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தலை எண்ணாமலே ஒரு நகரம் இத்தனை பெரிதாகியிருக்கிறது. கிளினிக்கும் குடிதண்ணீரும் சாக்கடையும் மக்களுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தன.

அவர்கள் இருந்த அறையை அளந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. தகரக் கூரை, மூன்று பக்கம் பலகைத் தடுப்பு, நான்காவது பக்கம் தொழிற்சாலைக் காம்பவுண்டுச் சுவர். ஒரு ஜன்னல் இருந்தது. சாக்கடைக் கொசுவுக்குப் பயந்து அதைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே ஆறு பேர்: அண்ணன், அண்ணி, அண்ணனின் தாய் (நான் பாட்டி என்பேன்), 9 வயது மகன், 3 வயது மகள், அப்புறம் அண்ணியின் தம்பி. தம்பிக்கு 22 வயது, செருப்புத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். அண்ணன் இரவில் படுக்கும் பாயில் அவன் பகலில் படுப்பான். பாய் காலியாக இருந்த நேரமே குறைவு.

இதைப் பார்த்தபோது என் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து ரங்கூனில், துறைமுகக் கூலிகளின் விடுதிகளிலும் இப்படித்தான் ஷிஃப்ட் வைத்துத் தூங்குவார்களாம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் கூலிக்கு வந்த தமிழரும் தெலுங்கரும் ஏராளம். நெரிசலும் இருட்டும் இருந்த அந்த அறைகளில் யார் யார் இருமிச் செத்தார்கள் என்று எந்தக் கணக்கிலும் தனியாக வராது.

ஏழு தடவை

2019 ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்டபோது இருமல் தொடங்கியது. மூன்றாம் நாளே தெருமுனை மருந்துக் கடைக்குப் போனார். அங்கே நான்கைந்து மாத்திரைகளைப் பிரித்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ரங்கூனில் இது பெரிய வழக்கம். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று கலந்து கட்டிய பொட்டலம். எந்த மாத்திரைக்கும் பெயர் தெரியாது. பல பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். அதனால் பசி எடுக்கும், உடம்பு தெம்பாகத் தெரியும். ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலுமாக மூன்று பொட்டலம் வாங்கினார். இது மூன்று தடவை.

ஜூலைக் கடைசியில் மாலைக் காய்ச்சல் வந்தது. இரவு எட்டரைக்கு வேலை முடிந்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். நெஞ்சில் சளி என்று சொல்லி லெவோஃபிளாக்சசின் ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, இருமலும் பாதியாகக் குறைந்தது. “மருந்து பிடித்துவிட்டது, சரியாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன், தங்கச்சி” என்றார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். லெவோஃபிளாக்சசின் போன்ற குவினலோன் வகை ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும். சில நாள் கொடுத்தால் கிருமி சாகாது, அடங்கி இருக்கும். நோயாளிக்குத் தேறியதுபோல் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தலைதூக்கும். நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும் என்பதோடு, பின்னால் மருந்துக்கு மசியாத காசநோய் வந்தால் தேவைப்படும் மருந்தின் பலமும் வீணாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை எல்லா மருத்துவர்களும் படித்திருக்கிறார்கள். ஆனால் அன்று அண்ணனுக்கு முன்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை நாளாக இருமல் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் நடுவில் அதே கிளினிக், அதே மருந்து. செப்டம்பரில் வேறொரு கிளினிக்கில் சத்து ஊசியும் இருமல் சிரப்பும். மொத்தம் ஆறு தடவை.

ஏழாவது தடவை, அக்டோபர் முதல் வாரத்தில், அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போனார். அது எது என்று இங்கே தேவையில்லை. தொழிற்சாலையில் அரை நாள் அனுமதி கேட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. டோக்கன் முடிந்துவிட்டது, நாளைக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 4,800 சாட். (கியாட் என்று எழுதுவதை நாங்கள் சாட் என்றுதான் சொல்லுவோம்.) கூலி போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் கொடுக்கும் வருகைப் படி, ஒரே ஒரு நாள் விட்டாலும் முழுதாகப் போய்விடும். அந்த அரை நாளுக்கே அந்த மாதப் படி போயிற்று. மறுநாள் அவர் போகவில்லை. அவர் போகாமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

வெற்றிலையும் லுங்கியும்

2019 தீபாவளி அக்டோபர் 27. பர்மாவில் தீபாவளிக்கு அரசு விடுமுறை உண்டு. அன்று ஞாயிறும்கூட. ரங்கூன் நகருக்குள் தாம்வேயில் இருந்த தன் சித்தி வீட்டுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். சித்தி எங்கள் பக்கத்து வீடு. அப்படித்தான் நான் அவரைப் பார்த்தேன்.

கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. அண்ணியிடம் கேட்டேன். “கொஞ்சம் இளைச்சிருக்காரு, ஓவர்டைம் ஜாஸ்தி” என்றார். பேண்ட் போடுகிற ஆளாக இருந்தால் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்திருக்கும். அண்ணன் எந்நேரமும் லுங்கி. லுங்கிக்கு அளவு கிடையாது, இன்னும் ஒரு சுற்று இழுத்துச் செருகினால் நின்றுகொள்ளும். பழைய தொழிற்சாலை அட்டையில் எடை 62 கிலோ என்று இருந்தது. மறுநாள் தராசில் 51. பதினோரு கிலோவை லுங்கி முடிச்சு மறைத்துவிட்டது.

இரண்டாவது விஷயம் வெற்றிலை. ரங்கூனில் குன்யா போடாத தொழிலாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்த வெற்றிலை, தெருவுக்குத் தெரு விற்கும். அண்ணன் நாளுக்குப் பத்துக்கு மேல் போடுவார். துப்பினால் எப்போதும் சிவப்பு. “சளியில் ரத்தம் வருதா அண்ணே?” என்றேன். “இல்லை” என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

“இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு ராத்திரி குன்யா போடாம இருங்கண்ணே. காலையில எழுந்ததும் வாயை நல்லா கொப்பளிச்சிட்டு, பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி, ஆழமா இருமி இந்த வெள்ளை மூடியில துப்புங்க” என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தேன். சித்தி வீட்டிலேயே தங்கினார்கள். காலை ஆறு மணிக்கு அண்ணன் மூடியைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் சளியில் தையல் நூல் தடிமனுக்கு ஒரு சிவப்பு இழை. அதைப் பார்த்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாக இது வந்துகொண்டிருந்தது என்று சொல்ல வழியே இல்லை.

வெற்றிலை போட்ட வாயோடு எடுக்கும் சளி மாதிரி ஆய்வகத்துக்கும் சிரமம்தான். எச்சில்தான் நிறைய வரும், சளி வராது. ஆண் நோயாளிகளை முதல்முறை அனுப்பும்போது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பாதி மாதிரிகள் திரும்பி வராது என்பது என் அனுபவம்.

கண்டுபிடிப்பு

திங்கள்கிழமை அண்ணன் வேலைக்குப் போகவில்லை. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கருவியில் சளியைச் சோதித்ததில் காசநோய்க் கிருமி இருந்தது, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அதனிடம் எதிர்ப்பு இல்லை. அந்தக் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டையும் சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் அதை 2010 டிசம்பரில் அங்கீகரித்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி. எச்.ஐ.வி. இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 212. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. சளியில் கிருமி போவதும் தாமதமாகும். மேலும் ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். அதனால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் திட்டமிட வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை அதிகம் என்பது ஊரறிந்தது. விடாத இருமல் உள்ள தமிழர் யாராக இருந்தாலும் சளியோடு சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுகிறேன்.

அக்டோபர் 30 புதன்கிழமை மருந்து தொடங்கியது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் நான்கும் ஒரே மாத்திரையில். 51 கிலோவுக்கு நாளைக்கு மூன்று மாத்திரை, இரண்டு மாதம். பிறகு முதல் இரண்டு மருந்துகள் மட்டும் நான்கு மாதம். எல்லாம் இலவசம். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம், கண் மங்கினாலோ மஞ்சளானாலோ உடனே வர வேண்டும் என்று ஸயாமா சொன்னதை நான் தமிழில் மறுபடி சொன்னேன். அண்ணனுக்குப் பர்மியம் நன்றாகத் தெரியும். ஆனால் பயந்த நேரத்தில் தாய்மொழியில் கேட்டால்தான் மனசில் நிற்கும்.

முகவரியில் விழுந்த ஓட்டை

பதிவு செய்யும்போது அண்ணன் கொடுத்த முகவரி தாம்வே சித்தி வீடு. குடும்பப் பட்டியலில் அவர் பெயர் பெகுவில் இருந்தது. லைங்தாயா அறைக்கு வாடகை ரசீதுகூடக் கிடையாது. அரசு அலுவலகத்தில் முகவரி என்றால் தாளில் உள்ள முகவரிதான் என்று அவர் நினைத்தார். நானும் அந்த நிமிடத்தில் அதைக் கேட்காமல் விட்டேன். அது என் தவறு.

பலன் இரண்டு. ஒன்று, மாத்திரை தாம்வே டவுன்ஷிப் கணக்கில் போய்விட்டது. வாரம் ஒருமுறை லைங்தாயாவிலிருந்து பயிந்நவுங் பாலம் தாண்டி இரண்டு பஸ் மாறி வர வேண்டும். பஸ் கட்டணம் 200 சாட்தான், ஆனால் நெரிசலில் போக வர மூன்றரை மணி நேரம். மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. சித்தியிடம் கேட்டால், மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மேசையில் நிற்க முடியவில்லை என்று சொன்னாராம். பத்தொன்பது நாள் சாப்பிட்டு ஆறு நாள் விட்டிருந்தார்.

இரண்டு, நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைப் பரிசோதிக்கப் போன சுகாதாரப் பணியாளர்கள் சித்தி வீட்டுக்குப் போனார்கள். அங்கே எல்லோரையும் விசாரித்து, இருமல் யாருக்கும் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பினார்கள். தாளில் வேலை முடிந்துவிட்டது. அவரோடு ஒரே காற்றை மூச்சு வாங்கிய ஐந்து பேரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

சித்தியிடம் கேட்ட அன்று மாலையே லைங்தாயாவுக்குப் போனேன். அண்ணன் பாயில் சுருண்டு படுத்திருந்தார். அவருக்கு முன்னால் தனியாக ஒரு தட்டு, தனியாக ஒரு டம்ளர். பாட்டி ஒதுக்கி வைத்திருந்தார். மகன் கிட்டே வரவே பயந்தான். நான் பாட்டியிடம் சொன்னேன்: “பாட்டி, இது தட்டுல ஒட்டாது. காத்துல வரும். இருமும்போது வர்ற துளி காஞ்சு, அடைச்ச ரூமுக்குள்ள மணிக்கணக்கா மிதக்கும். தட்டைக் கழுவி எல்லாரோடயும் வைங்க. அந்தச் சாக்கை எடுங்க.” பாட்டி சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கொசு?” என்றார். நியாயமான கேள்வி. டெங்கு ரங்கூனில் மழைக்கு மழை குழந்தைகளைப் படுக்கையில் போடும் நோய். மறுநாள் ஒரு கொசுவலை வாங்கிப் பாய்க்கு மேலே கட்டினோம். ஜன்னலைத் திறந்தோம். அறைச் சொந்தக்காரரிடம் கெஞ்சி, எதிர்ப்பக்கத் தடுப்பில் கூரைக்குக் கீழே இருந்த ஒரு பலகையை எடுத்துவிட்டு மூங்கில் தட்டி வைத்தோம். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும், அவ்வளவுதான்.

குமட்டலுக்கும் வழி இருந்தது. வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு உடனே பஸ்ஸில் ஏறியதுதான் காரணம். அண்ணி தோசை சுடும் நேரத்தில் ஒரு தோசையோடு சாப்பிடலாம் என்று ஸயாமா ஒப்புக்கொண்டார். சாப்பிடாமலே விடுவதைவிட அது எவ்வளவோ மேல் என்றார். பதிவை லைங்தாயாவுக்கு மாற்ற வட்டாரத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். அதை வாங்க நான்கு நாள் அலைந்தோம். அண்ணி தோசைக் கடையை விட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு நடந்தார்.

அந்த அறையில் மற்றவர்கள்

தம்பிக்கு ஒரு மாதமாக இருமல். “தூசி, அக்கா. செருப்புப் பசை வாடை” என்றான். ஒரே நேரத்தில் இருவரும் அறையில் படுத்ததே இல்லையே, எப்படி ஒட்டும் என்று அண்ணி கேட்டார். காலை ஆறரைக்கு அண்ணன் எழுந்து போவார், ஏழுக்குத் தம்பி வந்து படுப்பான். அண்ணன் இரவு முழுக்க இருமிய காற்று அப்படியே உள்ளே நின்றிருக்கும். தம்பியின் சளியிலும் கிருமி வந்தது. நல்ல வேளையாக அதுவும் மருந்துக்கு மசியும் வகை. நவம்பர் கடைசியில் அவனும் மருந்து தொடங்கினான்.

மூன்று வயதுக் குழந்தைதான் எல்லோருக்கும் கவலை. சின்னக் குழந்தைகளுக்குச் சளி துப்பத் தெரியாது. கிருமி உள்ளே போனால் மூளைக் காய்ச்சல் வரை இழுத்துவிடும். எடை, எக்ஸ்ரே, தோல் சோதனை எல்லாம் பார்த்து நோய் இல்லை என்று உறுதியான பிறகு, தடுப்புக்காக ஆறு மாதம் ஐசோனியாசிட் கொடுத்தார்கள். நோய் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று பாட்டி மனசு கேட்கவில்லை. அண்ணி மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார். ஒரு நாளும் தவறவில்லை. காலண்டரில் மஞ்சளால் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பெரியவர்கள் இருவரின் கணக்கையும் அதே காலண்டரில் குங்குமத்தில் வைத்தார். எங்கள் தன்னார்வலர் பதிவேட்டைவிட அது சுத்தமாக இருந்தது.

மகனுக்கும் பாட்டிக்கும் அண்ணிக்கும் நோய் இல்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 2018-லேயே வந்துவிட்டது. இவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை.

ஏழு கதவும் யார் கணக்கும்

காசநோய் ஆய்வுகளில் தாமதத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். நோய்க்குறி தொடங்கி முதல்முறை வைத்தியம் தேடும் வரை நோயாளியின் தாமதம். அதற்குப் பிறகு நோய் உறுதியாகும் வரை மருத்துவ அமைப்பின் தாமதம். அண்ணனின் கணக்கில் முதலாவது மூன்று நாள். மிச்சம் நான்கு மாதமும் இரண்டாவது வகை. ஆனால் அட்டையில் பிரித்து எழுத இடம் இல்லை. நான்கு மாதம் என்று ஒரே எண்ணாகத்தான் விழுந்தது. அதைப் பார்க்கும் எவருக்கும் அலட்சியமான நோயாளி என்றே தோன்றும். இந்த அநியாயத்துக்காகத்தான் இதை எழுதினேன்.

பர்மாவில் 2009-10 தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு, நகரத்தில் நோய் கிராமத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருப்பதைக் காட்டியது. கிருமி உறுதியானவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று வார இருமல் இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. காசநோய், எச்.ஐ.வி.யோடு சேர்ந்த காசநோய், மருந்துக்கு மசியாத காசநோய் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மூன்று சுமைப் பட்டியல்களிலும் அப்போது பர்மா இருந்தது. இப்படிப்பட்ட நாட்டில், ரங்கூன் போன்ற ஊரில், மருந்துக் கடைதான் முதல் மருத்துவமனை. அது இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும், டோக்கன் கிடையாது, விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஜனங்கள் அங்கே போகக் கூடாது என்று பேசிப் பயனில்லை. அங்கே போன முதல் நாளிலேயே சரியான கதவைக் காட்ட ஆள் வேண்டும்.

அப்படிக் கதவுகள் இல்லாமலும் இல்லை. சன் குவாலிட்டி ஹெல்த் என்ற தனியார் மருத்துவர் வலையமைப்பு 2004 முதல் காசநோய்க்கு இலவச மருந்து கொடுத்து வந்தது. மாலையிலும் திறந்திருக்கும் கிளினிக்குகள். அண்ணன் அறையிலிருந்து நான்கு தெரு தள்ளி அந்தச் சூரியப் பலகை ஒன்று தொங்கியதை நான் டிசம்பரில்தான் கவனித்தேன். ஜூனில் அந்தப் பக்கம் ஒரு விரல் நீட்ட யாரும் இல்லை.

அதனால் தெருமுனை மருந்துக் கடை அக்காவிடம் போய்ப் பேசினேன். குற்றம் சொல்லப் போகவில்லை. அவரும் ஆறாம் வகுப்போடு நின்றவர், கடைதான் சோறு. ஒரு சின்ன அட்டையில் பர்மியத்திலும் தமிழிலும் இரண்டு வரி எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினோம்: எத்தனை நாளாக இருமல்? இரண்டு வாரம் என்றால் சளிச் சோதனை, இலவசம். கீழே கிளினிக்கின் நேரமும் வழியும். முதலில் வியாபாரம் போகும் என்று தயங்கினார். பிறகு பிப்ரவரிக்குள் ஐந்து பேரை அனுப்பினார். ஒருவருக்கு நோய் இருந்தது, ஐம்பது வயதுப் பர்மியப் பெண்.

கடைசியில்

இரண்டாம் மாதக் கடைசியில் அண்ணனின் சளியில் கிருமி இல்லை. பொங்கலுக்கு 55 கிலோ. லுங்கியில் அந்த அதிகப்படிச் சுற்று போய்விட்டதை அண்ணி சிரித்துக்கொண்டே காட்டினார். வெற்றிலையை முழுதாக விடவில்லை, நாளுக்கு மூன்றாகக் குறைத்தார். தொழிற்சாலையில் இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்தார்கள், சம்பளம் இல்லாமல். வேலை போகவில்லை, அதுவே பெரிது.

2020 மார்ச் 23 அன்று பர்மாவில் முதல் கொரோனா நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள். ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் போனிலேயே கணக்குக் கேட்டேன். அண்ணி காலண்டரை வைத்துப் பதில் சொல்லுவார். விட்டுப்போன நாட்களையும் சேர்த்து அண்ணன் மே முதல் வாரத்தில் முடித்தார், தம்பி மே கடைசியில். இருவர் அட்டையிலும் குணமானவர் என்று முத்திரை விழுந்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அரசு மருத்துவமனைகள் வெறிச்சோடியபோது, அந்த ஆண்டில் நாடு முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்ட காசநோயாளிகள் எண்ணிக்கை வெகுவாக விழுந்தது. நோய் குறைந்து விழுந்த எண்ணிக்கை இல்லை அது. இந்தக் குடும்பம் அதற்கு ஓராண்டு முன்னால் தப்பித்தது.

முடிக்க முடியாமல் போன ஒன்று உண்டு. வெட்டும் மேசையில் அண்ணனோடு நின்றவர்கள் பதினொரு பேர். ஜன்னல் திறக்காத அந்தக் கூடத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் ஒன்றாக நின்றவர்கள். பெயர் எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து என்று முதலில் அண்ணன் பயந்தார். பிறகு வார விடுமுறைகளில் ஒவ்வொருவராக அவரே பேசி அழைத்து வந்தார். நான்கு பேர் வந்து சளி கொடுத்தார்கள், நால்வருக்கும் இல்லை. மற்ற ஏழு பேரைப் பார்ப்பதற்குள் ஏப்ரலில் தொழிற்சாலை மூடியது. அவர்கள் பத்தேய்ன், ஹிந்தாடா பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருடைய போன் எண் அண்ணனிடம் இருந்தது. ஒன்று எடுக்கவில்லை. இன்னொன்றை எடுத்த பெண், தனக்கு இருமல் இல்லை, ஆனால் வீட்டில் அப்பாவுக்கு இருக்கிறது என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டு, பத்தேய்ன் மருத்துவமனைக்கு எப்படிப் போக வேண்டும் என்று அண்ணனே அவளுக்குச் சொன்னார்.